பார்ட்டில்பியை முதல்முறை படிக்கிறவர்களுக்கு

இந்தக் கதையைப் படித்து முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "அவனுக்கு என்னதான் ஆச்சு?" முதல்முறை படித்தபோது நானும் அதைத்தான் கேட்டேன். நாலைந்து முறை படித்த பிறகுதான் ஒன்று பிடிபட்டது. அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்தால்தான் கதை நமக்குள் இறங்குகிறது. எப்படித் தள்ளிவைப்பது, அதுவரை எதையெல்லாம் பார்ப்பது என்று இங்கே சொல்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் எழுதிய 'பார்ட்டில்பி' 1853 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நியூயார்க்கின் புட்னம்ஸ் மந்த்லி இதழில் இரண்டு பகுதிகளாக வந்தது. எழுதியவர் பெயர் போடவில்லை. 'வால் ஸ்ட்ரீட்டின் கதை' என்று ஒரு துணைத்தலைப்பு மட்டும் இருந்தது. அப்போது மெல்விலுக்கு வயது 34. 1851இல் வந்த 'மோபி டிக்' சரியாக விற்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த 'பியர்' நாவலின் கதி அதைவிட மோசம். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 14,000 சொற்களுக்குப் பக்கமாக வரும். நான் முடிவு வரை பேசப்போகிறேன். கதையை இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திப் படித்துவிட்டு வாருங்கள், கட்டுரை காத்திருக்கும்.

முதலில் ஒரு நோட்டு

நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் பார்ட்டில்பி சொன்னதும் செய்ததும். வலது பக்கம் அவனைப் பற்றி வக்கீல் ஊகித்தது. இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

கதையைச் சொல்கிறவர் ஒரு வக்கீல், அறுபதை நெருங்கியவர். பார்ட்டில்பி அவரிடம் வேலை பார்த்த குமாஸ்தா. நமக்குக் கிடைக்கும் பார்ட்டில்பி முழுவதும் இந்த வக்கீலின் கண் வழியாக வந்தவன்தான். அவர் நல்லவர், அக்கறையாகப் பேசுகிறவர். அதனாலேயே அவருடைய ஊகங்களை நாம் நடந்தவையாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். பார்ட்டில்பிக்குக் கண் கெட்டுவிட்டது, அவனுக்குக் குணமாகாத நோய், சேராத கடிதங்களைக் கையாண்டு மனம் உடைந்தான் என்று பலரும் சொல்வார்கள். மூன்றுமே வலது பக்கத்துச் சரக்கு. இடது பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

முதல் வாசிப்பை இரண்டு அமர்வாக வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைக் காட்சி முடிந்ததும் நிறுத்துங்கள். அங்கே ஒரு இரவு இடைவெளி விட்டால் இரண்டாம் பாதியின் கனம் கூடும். முதல் பாதியில் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். மெல்வில் அதைச் சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார்.

அது என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

நகலெடுக்கும் இயந்திரம் இல்லாத காலம். ஒரு பத்திரத்துக்கு நாலு பிரதி வேண்டும் என்றால் நாலு முறை கையால் எழுத வேண்டும். எழுதிய பிறகு ஒருவர் நகலை உரக்கப் படிக்க, இன்னொருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகச் சரிபார்க்க வேண்டும். வக்கீலே ஒத்துக்கொள்கிறார், அது உயிரை வாங்கும் சலிப்பான வேலை. கூலி நூறு சொல்லுக்கு 4 சென்ட். அப்படியானால் ஒரு டாலர் சம்பாதிக்க 2,500 சொற்கள் எழுத வேண்டும். இந்தக் கட்டுரை மொத்தத்தையும் அன்று ஒருவர் நகலெடுத்திருந்தால்கூட ஒரு டாலர் தேறியிருக்காது. அதே அலுவலகத்தில் எடுபிடி வேலை செய்யும் பன்னிரண்டு வயதுப் பையனின் வாரச் சம்பளம் ஒரு டாலர்.

வந்த புதிதில் பார்ட்டில்பி மாடுபோல் உழைக்கிறான். நகலெடுக்க ஏதாவது கிடைக்காதா என்று பசித்துக் கிடந்தவனைப்போல், பகலில் வெயிலொளியிலும் இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் எழுதித் தள்ளுகிறான். வக்கீலுக்கு ஒரே ஒரு குறை, அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. சத்தமில்லாமல், வெளிறிப்போய், இயந்திரம்போல எழுதுகிறான். அந்த வரியைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவன் மறுக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்த வெளிறல் அங்கே இருக்கிறது.

அறையை வரைந்து பாருங்கள்

பென்சிலை எடுத்து அலுவலகத்தை ஒரு தாளில் வரையுங்கள். படம் அழகாக வரவேண்டும் என்றில்லை. மாடியில் ஓர் அலுவலகம். ஒரு கோடியில் ஜன்னலைத் திறந்தால், கட்டடத்துக்குள்ளேயே வெளிச்சம் வருவதற்காக விட்ட பொந்தின் வெள்ளைச் சுவர். மறு கோடியில் பத்தடி தூரத்தில் பழமையால் கறுத்த உயரமான செங்கல் சுவர். பார்ட்டில்பிக்குக் கொடுத்தது வக்கீலின் அறைக்குள் ஒரு மூலை, பக்கத்தில் சின்ன ஜன்னல். அதற்கு மூன்றடி தள்ளி ஒரு சுவர். வெளிச்சம் எங்கோ மேலேயிருந்து, இரண்டு உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே விழுகிறது. அவனைச் சுற்றி வக்கீல் ஒரு உயரமான பச்சைத் தட்டி நிறுத்துகிறார். முகம் தெரியக் கூடாது, கூப்பிட்டால் கேட்க வேண்டும். துணையும் தனிமையும் ஒன்றாய் அமைந்தன என்று அதில் அவருக்குத் திருப்தி.

கடைசிக் காட்சியில் சிறை முற்றம் வரும்போது இந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள். துணைத்தலைப்பில் இருக்கும் தெருவின் பெயரிலேயே சுவர் இருக்கிறது.

வக்கீலைக் கவனியுங்கள்

அவர் நீதிமன்றத்தில் வாதாடுகிற வக்கீல் இல்லை. பணக்காரர்களின் பத்திரங்கள், அடமானங்கள், சொத்துரிமைப் பத்திரங்களோடு அமைதியாகக் காலம் தள்ளுகிறவர். 'பத்திரமான ஆள்' என்று தன்னைப் பற்றிப் பெருமைப்படுகிறார். ஜான் ஜேக்கப் ஆஸ்டர் தன்னை மெச்சியதைச் சொல்லிக்கொள்கிறார். ஆஸ்டர் ரோமத்தோல் வியாபாரத்திலும் நியூயார்க் மனைகளிலும் பணம் சேர்த்தவர், 1848இல் இறந்தபோது அமெரிக்காவின் மிகப் பெரிய பணக்காரர். அந்தப் பெயரைச் சொல்வதே தங்கக்கட்டியைத் தட்டிய ஓசைபோல இருக்கிறது என்கிறார் வக்கீல்.

அவரிடம் ஏற்கெனவே இரண்டு குமாஸ்தாக்கள், பட்டப்பெயர்கள் மட்டும்தான் நமக்குத் தெரியும். வயதான டர்க்கி காலையில் நன்றாக வேலை பார்ப்பார், மதியத்துக்குமேல் முகம் சிவந்து மையைக் கொட்டுவார். இளைஞன் நிப்பர்ஸுக்கு அஜீரணம், காலையெல்லாம் மேசையோடு சண்டை, மதியத்துக்குமேல் சாந்தம். ஒருவர் சரியாக இருக்கும்போது மற்றவர் கெட்டுப்போவதால் மொத்தத்தில் வேலை நடக்கிறது என்று வக்கீல் கணக்குப் போட்டுக்கொள்கிறார். யாரிடம் என்ன குறை இருந்தாலும் அதை ஒரு கணக்கில் அடக்கிவிடுவது அவர் வழி. பார்ட்டில்பி அந்தக் கணக்கில் அடங்காமல் போகும் முதல் ஆள்.

அவரைக் கொடுமைக்கார முதலாளியாக வாசித்தால் கதை சப்பென்று ஆகிவிடும். பொறுமைசாலி, இரக்கமுள்ளவர். ஆனால் அந்த இரக்கத்தைப் பற்றி அவரே ஓர் இடத்தில் வாய்விட்டுச் சொல்கிறார்: பார்ட்டில்பியைப் பொறுத்துக்கொள்வதால் தனக்கு அதிகச் செலவில்லை, மனசாட்சிக்குத் தித்திப்பாக ஒன்றைச் சேமித்துவைத்ததுபோல ஆகும். இந்த இடம் வந்தால் நிதானியுங்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் சங்கடம் தரும் பக்கம் இதுதான். பிறருக்கு உதவும்போது என் மனத்தில் ஓடும் கணக்கை வேறொருவர் எழுதி வைத்திருப்பதுபோல இருக்கும்.

அந்த ஒரு வாக்கியம்

மூன்றாம் நாள் வக்கீல் ஒரு சின்னத் தாளைச் சரிபார்க்கக் கூப்பிடுகிறார். தலையைக்கூட நிமிர்த்தாமல் தாளை நீட்டிக்கொண்டிருக்கிறார். தட்டிக்குப் பின்னாலிருந்து மென்மையான, உறுதியான குரலில் பதில் வருகிறது: "ஐ வுட் ப்ரிஃபர் நாட் டு."

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், அந்த வாக்கியத்தின் விசித்திரம் அப்போதுதான் முழுசாகத் தெரியும். 'மாட்டேன்' என்றால் அது எதிர்ப்பு, சண்டைக்கு அழைப்பு. 'முடியாது' என்றால் இயலாமையும் வரலாம், திமிரும் வரலாம். 'இஷ்டமில்லை' கோபத்தில் வரும் சொல். 'வேண்டாமே' நெருங்கி வருகிறது, ஆனால் அந்த ஏகாரத்தில் ஒரு கெஞ்சல் ஒட்டிக்கொள்கிறது. பார்ட்டில்பி கெஞ்சுவதில்லை. அவன் சொல்வது மறுப்பே இல்லை, ஒரு விருப்பத்தைத் தெரிவிக்கிறான். அதுவும் 'வுட்' சேர்த்து, பதவிசாக.

இன்னொரு சிக்கல். தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வினையோடு ஒட்டிக்கொண்டுதான் வரும்: செய்யாமல், பார்க்காமல், போகாமல். அப்படி வரும்போது எதைச் செய்யவில்லை என்று சொல்லாமல் வாக்கியம் முடியாது. ஆங்கிலத்தில் அவன் வாக்கியம் 'டு' என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. எதைச் செய்யாமலிருக்க விருப்பம் என்ற இடம் காலியாகவே கிடக்கிறது. முதலில் அந்தக் காலியிடத்தில் நிற்பது ஒரு தாளைச் சரிபார்ப்பது. போகப்போக அங்கே எல்லாமும் வந்து விழுந்துவிடும். நான் 'செய்யாதிருக்கவே விருப்பம்' என்று வைத்துக்கொள்கிறேன். சரியான மொழிபெயர்ப்பு என்று சொல்லமாட்டேன், இப்போதைக்குக் கைக்கு உதவும். நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். அரை மணி நேரம் அந்த ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டுவது, அதைப் பற்றி நாலு கட்டுரை படிப்பதைவிட நல்லது.

வக்கீலும் இதே மல்லுக்கட்டில் இருக்கிறார். ஒருநாள் எடுபிடிப் பையன் இல்லை. தபால் நிலையம் மூன்று நிமிட நடை. எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா பார்த்துவா என்று பார்ட்டில்பியிடம் சொல்கிறார். செய்யாதிருக்கவே விருப்பம் என்கிறான். "மாட்டாயா?" என்று கேட்கிறார். "விரும்பவில்லை" என்கிறான். மாட்டேன் என்ற சொல்லை அவன் வாயிலிருந்து வரவழைத்துவிட்டால் வக்கீலுக்கு வழி தெரியும், வேலையை விட்டு நீக்கிவிடலாம். அந்தச் சொல்லை மட்டும் அவன் தருவதில்லை. அப்புறம், அவன் போக விரும்பாத இடம் தபால் நிலையம் என்பதையும் இடது பக்கத்தில் குறித்துவையுங்கள். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது தேவைப்படும்.

மறுப்புகளை வரிசைப்படுத்துங்கள்

தாளைச் சரிபார்க்கமாட்டான். தபால் நிலையம் போகமாட்டான். பக்கத்து அறையிலிருக்கும் நிப்பர்ஸைக் கூப்பிடமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீலின் சொந்த அலுவலகக் கதவை அவருக்கே திறக்க விரும்பமாட்டான். எங்கே பிறந்தாய் என்று கேட்டால் சொல்லமாட்டான். பிறகு நகலெடுப்பதையே விட்டுவிடுவான். வெளியே போகமாட்டான். வேறு வேலை வேண்டாம். கடைசியாகச் சாப்பாடு வேண்டாம்.

ஒன்றின்கீழ் ஒன்றாக இதை எழுதினால் ஒரு சரிவு தெரியும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட உடலுக்கு நெருக்கமாக வருகிறது: வேலை, கதவு, சொந்தக் கதை, எழுதும் கை, நிற்கும் இடம், வாய். போராட்டம் என்றால் கோரிக்கை இருக்கும், அது நிறைவேறினால் நிற்கும். இங்கே எந்தக் கோரிக்கையும் இல்லை. இந்த வரிசையை எழுதிய அன்றைக்குத்தான் கதையின் சோகம் எனக்கு உறைத்தது. அதுவரை அவன்மேல் ஒரு வியப்பு மட்டும்தான் இருந்தது, துணிச்சல்காரன் என்று. அந்த வாக்கியத்தைக் கோப்பையிலும் பனியனிலும் அச்சடித்து விற்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் அது வேடிக்கையாக இருப்பது எனக்கும் புரிகிறது. ஆனால் வரிசையின் கடைசி உருப்படி வரை போனவர்களுக்கு அந்தக் கோப்பையில் காப்பி குடிப்பது கஷ்டம்.

வரிசையின் நடுவே ஒரு சிரிப்பான இடமும் உண்டு. 'விரும்புகிறேன்' என்ற சொல் அலுவலகம் முழுவதும் தொற்றிவிடுகிறது. டர்க்கி, நிப்பர்ஸ், வக்கீல் எல்லாரும் தெரியாமலே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஓர் அலுவலகத்தின் பேச்சையே ஒரு அமைதியான ஆள் மாற்றிவிடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை: சோகம் யாருடையது?

வக்கீல் டிரினிட்டி தேவாலயத்தில் ஒரு பிரபலப் போதகரைக் கேட்கப் போகிறார். நேரம் இருக்கிறதே என்று வழியில் அலுவலகம் ஏறுகிறார். சாவி நுழையவில்லை, உள்ளேயிருந்து ஏதோ அடைத்திருக்கிறது. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறான் பார்ட்டில்பி. இப்போது உள்ளே விட விருப்பமில்லை, இரண்டு மூன்று முறை தெருவைச் சுற்றிவிட்டு வந்தால் நல்லது என்கிறான். வக்கீல் சுற்றிவிட்டும் வருகிறார்.

திரும்பி வந்து பார்க்கும்போது கிடைப்பவற்றை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மேசைக்கடியில் சுருட்டிய போர்வை. ஒரு தகர வட்டில், சோப்பு, கிழிந்த துண்டு. செய்தித்தாளில் இஞ்சி பிஸ்கட் துகளும் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியும். அவன் மேசை அறைக்குள் கைக்குட்டையில் முடிந்துவைத்த சேமிப்பு. வார நாட்களில் ஜனம் பிதுங்கும் வால் ஸ்ட்ரீட் ஞாயிறன்று வெறிச்சோடிக் கிடக்கும். அந்த வெறுமையில் அவன் குடியிருக்கிறான்.

இங்கே வக்கீலுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக மனத்தை அழுத்தும் துயரம் வருகிறது. அதுவரை அவருக்குத் தெரிந்ததெல்லாம் இதமான வருத்தம்தான். நானும் அவனும் ஆதாமின் பிள்ளைகள் அல்லவா என்று நினைக்கிறார். ஆனால் ஒரு பக்கம் தாண்டுவதற்குள் மாற்றம் தொடங்கிவிடுகிறது. அவனுடைய தனிமை கற்பனையில் வளர வளரத் துயரம் பயமாகிறது, இரக்கம் அருவருப்பாகிறது. தன் உணர்ச்சியின் போக்கை அவரே நேர்மையாகச் சொல்கிறார். ஒரு அளவு வரை பிறர் துன்பம் நம் நல்ல குணத்தைத் தொடும், அதற்குமேல் போனால் தொடாது, காரணம் சுயநலம் மட்டுமல்ல, உதவிக்கு வழியில்லை என்ற நம்பிக்கையின்மையும்தான் என்கிறார். அன்று அவர் தேவாலயத்துக்குப் போகவில்லை. வீடு திரும்பும்போதே, மறுநாள் அவனிடம் சில கேள்வி கேட்டு, பதில் வரவில்லையென்றால் பணம் கொடுத்து அனுப்பிவிடுவது என்று முடிவு செய்துவிடுகிறார்.

அவன் குணமாக்க முடியாத நோயாளி என்று வக்கீல் தீர்மானிப்பது இந்த இடத்தில்தான். நோட்டின் வலது பக்கத்தில் அதை எழுதும்போது, எந்த நேரத்தில் அந்த எண்ணம் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரக்கம் தாங்க முடியாத பாரமாகிற அந்த நிமிடத்தில் வருகிறது. அந்தத் தீர்மானம் வந்ததும் அவரால் வீட்டுக்குப் போக முடிகிறது.

மறுநாள் அவர் பேசும்போது பார்ட்டில்பி அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் தலைக்கு ஆறு அங்குலம் மேலே இருக்கும், பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் மார்பளவுச் சிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கொஞ்சம் நியாயமாக இருப்பேன் என்று சொல்லேன் என்று வக்கீல் கெஞ்ச, இப்போதைக்குக் கொஞ்சம் நியாயமாக இல்லாதிருக்கவே விருப்பம் என்கிறான்.

விலகல்

நகலெடுப்பதை நிறுத்தியபோது காரணம் கேட்கிறார். "காரணம் உங்களுக்கே தெரியவில்லையா?" என்று திருப்பிக் கேட்கிறான். வக்கீல் உற்றுப் பார்க்கிறார், அவன் கண்கள் மங்கியிருக்கின்றன, ஆக கண்கோளாறு. நாலு நாள் நிம்மதி. இப்படி ஒவ்வொரு காரணமும் அவருக்குக் கொஞ்ச நாள் நிம்மதி தருகிறது. வாசகர்களாகிய நமக்கும் அப்படித்தான்.

பிறகு கணக்கை முடிக்கிறார். பாக்கி 12 டாலர், மேசையில் 32 டாலர் வைக்கிறார். தன் சாமர்த்தியத்தை மெச்சியபடி வீட்டுக்குப் போகிறார். மறுநாள் தெருமுனையில் யாரோ 'அவன் மாட்டான், பந்தயம்' என்று பேசுவது காதில் விழ, போகமாட்டானா, பந்தயம் கட்டுகிறேன் என்று பையில் கைவிடுகிறார். அவர்கள் பேசியது மேயர் தேர்தல் வேட்பாளரைப் பற்றி! அலுவலகத்தில் பார்ட்டில்பி போகாமலே இருக்கிறான். கடைசியில் அவனை வெளியேற்ற முடியாமல் வக்கீல் தானே அலுவலகத்தைக் காலி செய்துகொண்டு வேறு இடம் போகிறார்.

மாடிப்படிக் காட்சியை விட்டுவிடாதீர்கள். பழைய கட்டடத்தின் கைப்பிடிக் கம்பிமேல் உட்கார்ந்திருக்கிறான். வக்கீல் என்னென்னவோ வேலை சொல்லிப் பார்க்கிறார்: துணிக்கடைக் கணக்கன், மதுக்கடைப் பணியாள், ஊர்சுற்றிப் பணம் வசூலிப்பவன். எதுவும் பிடிக்கவில்லை, ஆனால் எனக்குக் குறிப்பாக எதுவும் வேண்டும் என்றில்லை என்கிறான். கடைசியில் வக்கீல், என் வீட்டுக்கே வா என்கிறார். மனத்திலிருந்து வந்த அழைப்பு அது. அதற்கும் வேண்டாம். உடனே வக்கீல் ஓடுகிறார், சில நாட்கள் ஊரிலேயே இல்லை. அந்த இடைவெளியில் போலீஸ் அவனை வீடற்றவன் என்று 'டூம்ஸ்' சிறைக்குக் கொண்டுபோகிறது. எகிப்தியக் கல்லறைபோல் கட்டப்பட்டதால் வந்த பெயர், 1838இல் திறந்த சிறை. வக்கீல் போய்ப் பார்க்கும்போது திரும்பிப் பார்க்காமலே, "உங்களைத் தெரியும். உங்களிடம் பேச எனக்கு எதுவுமில்லை" என்கிறான். கதை முழுவதிலும் அவன் ஒருவரைக் குறைசொல்வதற்கு நெருங்கி வருவது இங்கே மட்டும்தான்.

அவன் இறந்து கிடக்கும் முற்றத்தில், சுவர்களின் இடுக்கில் பறவைகள் போட்ட விதை முளைத்ததுபோல் புல் இருக்கிறது. தூங்குகிறானா என்று சிறையில் சாப்பாடு கொடுக்கும் சாப்பாட்டுக்காரன் கேட்க, "அரசர்களோடும் ஆலோசகர்களோடும்" என்று முணுமுணுக்கிறார் வக்கீல். பைபிளில் யோபு தான் பிறந்த நாளைச் சபித்து, பிறந்ததும் செத்திருந்தால் இவர்களோடு இளைப்பாறியிருப்பேனே என்று புலம்பும் இடத்திலிருந்து வருகிறது அந்தச் சொல். மூன்றாம் அதிகாரத்தை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள், ஐந்து நிமிடம்தான்.

கடைசிப் பக்கத்தில் ஏமாறாதீர்கள்

ஒரு வதந்தி கேள்விப்பட்டேன் என்று வக்கீல் சேர்க்கிறார். பார்ட்டில்பி முன்பு வாஷிங்டனில், உரியவருக்குச் சேராத கடிதங்களைக் கையாளும் தபால் அலுவலகத்தில் கீழ்நிலைக் குமாஸ்தாவாக இருந்தானாம், ஆட்சி மாறியபோது வேலை போயிற்றாம். அந்தக் கடிதங்களில் ஒன்றில் மோதிரம் இருக்கும், அது போட வேண்டிய விரல் மண்ணுக்குள் இருக்கும். ஒன்றில் பணம் இருக்கும், அது யார் பசியைத் தீர்த்திருக்குமோ அவர் இப்போது சாப்பிடுவதில்லை. மனத்தை உலுக்கும் பத்தி. பெரும்பாலான புதியவர்கள் அப்பாடா, விடை கிடைத்தது என்று புத்தகத்தை மூடும் இடமும் இதுதான்.

நோட்டைப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? உண்மையா என்று தெரியாது என்று சொல்லியேதான் வக்கீல் அதைத் தருகிறார். எனக்கு அந்தப் பத்தி பார்ட்டில்பியைவிட வக்கீலைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. காலம் கடந்தும் அவரால் அவனை விட முடியவில்லை, இன்னும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார். சேராத கடிதம் என்றால் அது பார்ட்டில்பிதான், அவர் கைக்கு வந்தும் படிக்கப்படாமல் போனவன். இது என் ஊகம், நீங்கள் வலது பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். தபால் நிலையத்துக்குப் போகச் சொன்ன அந்த நாள் மட்டும் இடது பக்கத்தில் இருக்கிறது.

இப்போது மற்றவர்களின் விளக்கங்கள்

இதற்குப் பிறகு விமர்சனங்களைப் படிக்கலாம். எதைப் படித்தாலும் மூன்று இடங்களில் உரசிப் பாருங்கள்: ஞாயிற்றுக்கிழமை, மாடிப்படி அழைப்பு, முற்றத்துப் புல்.

மெல்விலே பார்ட்டில்பி, சந்தை கேட்கிற மாதிரி எழுத மறுத்தவர் என்பது ஒரு விளக்கம். நகலெடுப்பதை நிறுத்தும் இடத்துக்கு அழகாகப் பொருந்தும், மாடிப்படிக்கு வந்ததும் பேச்சு வராது. உழைப்பு, வால் ஸ்ட்ரீட், கூலி என்று வாசிப்பவர்கள் உண்டு. 2011இல் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டம் நடந்தபோது பலரும் இந்தக் கதையைத்தான் நினைத்தார்கள். சுவர்களும் நூறு சொல்லுக்கு 4 சென்டும் அந்த வாசிப்புக்குச் சாட்சி, ஆனால் சக குமாஸ்தாக்கள் முதலாளி பக்கம் நிற்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் ஒத்துழையாமைக் கட்டுரை 1849இல் வந்தது, அதோடு சேர்த்துப் படிப்பதும் வழக்கம். வரி கட்ட மறுத்து ஒரு இரவு சிறையில் இருந்த தோரோ பக்கம் பக்கமாகக் காரணம் சொன்னவர். பார்ட்டில்பி சொல்லாதவன். அந்த வித்தியாசம் சின்னதில்லை. பசித்தவனுக்கு உணவும் சிறையிலிருப்பவனுக்குச் சந்திப்பும் பற்றி மத்தேயு 25இல் இயேசு சொல்வதை வைத்துப் படித்தால் வக்கீல் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் செய்திருக்கிறார், அப்படியும் எதுவோ விட்டுப்போயிருக்கிறது. எனக்குப் பிடித்த வாசிப்பு இது.

மனச்சோர்வு என்ற விளக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சுவரையே பார்த்து நிற்பது, உண்ணாமை, பேச்சு அடங்குவது எல்லாம் இன்று நமக்குத் தெரிந்த அறிகுறிகள்தான். அப்படி ஒருவரைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரி வலிக்கும், அந்த வலியை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பெயர் வைத்ததோடு வாசிப்பை முடித்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை வக்கீல் செய்ததையே நாமும் செய்கிறோம்.

கடைசியாக ஒரு வேலை

இரண்டு வாரம் கழித்துக் கதையை மறுபடி எடுங்கள். இம்முறை பார்ட்டில்பி பேசியதை மட்டும் ஒரு நல்ல தாளில் வரிசையாக, கையால் நகலெடுங்கள். இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அந்த வாக்கியத்தை எத்தனை முறை எழுதுகிறீர்கள் என்று உங்கள் விரலுக்குத் தெரியும். கடைசி வரியாக வருவது சிறையில் சாப்பாட்டுக்காரனிடம் அவன் சொன்னது: இன்று சாப்பிடாதிருக்கவே விருப்பம், எனக்கு ஒத்துக்கொள்ளாது, சாப்பாட்டுப் பழக்கம் எனக்கு இல்லை.

எழுதி முடித்ததும் வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, மூலத்தை அவர்கள் கையில் கொடுங்கள். நீங்கள் எழுதியதை உரக்கப் படியுங்கள், அவர்கள் சொல் சொல்லாகச் சரிபார்க்கட்டும். மூன்றாம் நாள் அவனிடம் கேட்ட வேலை அதுதான்.